இஎஸ்ஐ பேறுகாலப் பணம்: டேட் கேட்டதும் பார்க்க வேண்டிய கணக்கு

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் பேறுகாலப் பணம் வருமா வராதா என்பது பிரசவத்துக்குப் பல மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. பிரசவம் எங்கே நடக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்பதெல்லாம் அப்புறம். சம்பளத்தில் எந்த ஆறு மாதத்தில் பிடித்தார்கள், நிறுவனம் எத்தனை நாள் என்று பதிவு செய்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு. திருப்பூர் பனியன் கம்பெனியோ ஓசூர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையோ, எங்கே வேலை பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். டாக்டர் பிரசவ டேட் சொன்ன அன்றே இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எட்டாம் மாதம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டால் மாற்ற எதுவும் மிச்சம் இருக்காது.

முதலில் யாருக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. சம்பளத்தில் 0.75 சதவீதம் நம்மிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதம் நிறுவனம் கட்டுகிறது. இந்தப் பங்குப் பணம் ஆண்டுக்கு இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்-மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நடுவில் மூன்று மாத இடைவெளி எப்போதும் இருக்கும். குழப்பம் எல்லாம் பிறப்பது அங்கேதான்.

பேறுகாலத்துக்கான நிபந்தனை: பிரசவம் நடக்கும், அல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் பலன் காலத்துக்கு உரிய பங்களிப்புக் காலத்தையும் அதற்கு முந்தையதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். பிரசவ டேட் 2026 மே 20 என்று வையுங்கள். அது ஜனவரி-ஜூன் பலன் காலம். ஆகவே 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரையும், 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் பார்க்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் 70 நாள் வேலை இருந்தால் முழுப் பலன். ஒரு பெண் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு 2025 அக்டோபரில் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தால்? மே மாதத்துக்குள் ஏழு மாதம் பிடித்திருப்பார்கள், ஆனாலும் அந்தப் பிரசவத்துக்குப் பணம் வராது. அவர் கட்டியதெல்லாம் ஜூலைக்கு மேல்தான் கணக்கில் வரும். அதே பெண்ணுக்கு டேட் ஜூலை 5 என்று இருந்தால் தாராளமாகத் தகுதி உண்டு.

வாழ்க்கையில் முதன்முறையாக இஎஸ்ஐயில் சேர்பவர்களுக்குக் கணக்கு வேறு. சேர்ந்த நாளில் இருந்து ஒன்பது மாதம் முடிந்த பிறகே முதல் பலன் காலம் தொடங்கும். நவம்பர் 10 சேர்ந்தால் அடுத்த ஆகஸ்ட் 10.

இங்கே 70 நாள் இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 1961-ம் ஆண்டின் மகப்பேறுப் பலன் சட்டத்தில் 5ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இஎஸ்ஐ உள்ள நிறுவனமாக இருந்தாலும், அந்தப் பெண் இஎஸ்ஐயில் தகுதி பெறும்வரை நிறுவனமே பேறுகாலச் சம்பளம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குத் தேவை, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. 80 நாள் வேலை, 26 வாரச் சம்பள விடுப்பு என்ற அளவுகள் மாறவில்லை. எச்.ஆரில் ‘உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள்’ என்றால், இஎஸ்ஐயில் தகுதி இல்லை என்பதைக் கிளை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு திரும்ப வாருங்கள். வாய்வார்த்தையை நம்பி அலைய வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சம்பளம் நடுவில் 21,000 தாண்டிவிட்டால் அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும், அதற்குரிய பலன் காலமும் அப்படியே கிடைக்கும். வேலையை விட்டவர்களுக்கும் இதே தர்க்கம்தான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வீட்டுக்கு அனுப்பும் இடங்கள் எவை என்று தொழிலாளர்களுக்கே தெரியும். வேலை போனாலும், உரிய காலத்தில் 70 நாள் இருந்தால் பேறுகாலப் பணத்துக்கான உரிமை போகாது. பலர் கேட்காமலே விட்டுவிடும் பணம் இது.

இனி தொகை. கொடுப்பது சராசரி தினச் சம்பளம் முழுவதும், நூற்றுக்கு நூறு. மாதம் 15,600 என்றால் ஆறு மாதத்தில் 93,600. நிறுவனம் 180 நாள் என்று பதிவு செய்திருந்தால் நாளுக்கு 520. 26 வாரம் என்பது ஞாயிறு உட்பட 182 நாள், ஆக 94,640 ரூபாய். வகுக்கும் எண் நிறுவனம் மாதாமாதம் பதிவு செய்த நாள்கணக்கு என்பதைக் கவனியுங்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினாலோ நாட்களைத் தப்பாகப் போட்டாலோ அடி விழுவது இங்கே. இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் இன்சூரன்ஸ் எண்ணை வைத்து உள்ளே போனால் மாதவாரியாக நாளும் சம்பளமும் தெரியும். பே ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது வரும் கோளாறுகளில் அதிகம் காண்பது இரண்டு எண் பிரச்சினை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டுவிடுவார்கள், பழைய நாட்கள் பழைய எண்ணிலேயே தூங்கும். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண்தான் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கக் கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும். அடுத்தது, பிடித்த பணத்தை நிறுவனம் கட்டவே இல்லை என்பது. இங்கே விதியின் வாசகம் பெண்ணுக்குச் சாதகம்: பங்குப் பணம் ‘செலுத்தப்பட வேண்டிய’ நாட்களைத்தான் எண்ணுகிறது, செலுத்தப்பட்ட நாட்களை அல்ல. நிறுவனத்திடம் வசூலிப்பது இஎஸ்ஐயின் வேலை. அதற்குப் பே ஸ்லிப், வருகைப் பதிவு, சம்பளம் வந்த வங்கிப் பக்கம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பே ஸ்லிப் தராத இடம் என்றால் வங்கிக் கணக்கு அறிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் இன்சூரன்ஸ் எண், கல்யாணத்துக்குப் பின் கணவர் இனிஷியலில் ஆதார், வங்கியில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் பணம் போகும் இடத்தில் நிற்கும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற இரண்டையும் மாற்றுவது சுலபம். இதை ஐந்தாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

விடுப்பைப் பிரிக்கும் விதம்: 26 வாரத்தில் பிரசவ டேட்டுக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னால் எடுப்பது கட்டாயம் இல்லை. உடல் ஒத்துழைத்தால் கடைசிவரை வேலைக்குப் போய், பெரும்பகுதியைக் குழந்தையோடு வைத்துக்கொள்பவர்களே அதிகம். நின்றுகொண்டே பார்க்கும் வேலை என்றால் அந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்தால் மொத்தம் 12 வாரம், அதில் முன்னால் 6. விதியில் எண்ணுவது குழந்தைகளை, பிரசவங்களை அல்ல. எனவே முதல் பிரசவத்தில் இரட்டையர் என்றால் அடுத்ததற்கு 12 வாரக் கணக்கு வரும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 12 வாரம்.

கருச்சிதைவுக்கு, மறுநாளில் இருந்து 6 வாரம். 26 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தால் அது கருச்சிதைவுக் கணக்கில் வராது, பிரசவக் கணக்கில் வரும், முழு 26 வாரமும் உண்டு. அந்த நிலையில் இருக்கும் வீட்டில் யாரும் விதி படிக்க மாட்டார்கள். ‘ஆறு வாரம்தான்’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடவும் கூடும். கூட இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குறைமாதப் பிரசவம், ரத்தப்போக்கு, தையல் பிரியாமல் சீழ் என்று கர்ப்பம், பிரசவம் சார்ந்த எந்தக் கோளாறுக்கும் டாக்டர் சான்று இருந்தால் கூடுதலாக ஒரு மாதம் கிடைக்கும். இதைத் தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது. ஒரே நாட்களுக்கு நோய்ப் பலனும் பேறுகாலப் பலனும் சேர்த்துத் தர மாட்டார்கள்.

காகித வேலை இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் தொடங்குகிறது. மூன்றாம் மாதத்துக்குள் அங்கே பதிந்து, பரிசோதனைகளை அந்தப் புத்தகத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பச் சான்று படிவம் 17, எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கும் நடந்த பிரசவத்துக்கும் படிவம் 18, பணம் கேட்டு நாம் கொடுப்பது படிவம் 19. கவுன்டரில் இந்த எண்களைச் சொன்னால் சட்டென்று புரியும். 2022 இறுதியில் இருந்து இணையம் வழியாகவும் கோரலாம். எல்லாம் சரியாக இருந்தால் முதல் தொகை 14 நாளுக்குள் வர வேண்டும் என்பது ஒழுங்குமுறை. கோரிக்கையைப் பலன் சேரும் நாளில் இருந்து 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அந்த நாட்களில் ஊதியத்துக்கு வேலை செய்யவில்லை என்று நிறுவனமும் உறுதி செய்ய வேண்டும். ‘வீட்டில் இருந்தபடியே கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள்’ என்று கேட்டுச் சம்பளமும் போட்டால் அந்த நாட்களுக்குப் பலன் போய்விடும். இன்னொரு சின்னப் பொத்தான் பெரிய வம்பு செய்யும். விடுப்பு மாதங்களில் நிறுவனம் பூஜ்ய நாள் என்று பதிந்து காரணம் தேர்வு செய்ய வேண்டும். ‘விடுப்பில்’ என்பதற்குப் பதிலாக ‘வேலையை விட்டார்’ என்று தட்டிவிட்டால் கோரிக்கை அலைக்கழியும். விடுப்பில் போகும்முன் சம்பளப் பிரிவில் இதை ஒரு வரியாக மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது நல்ல காப்பு. பேறுகாலப் பலன் பெறும் காலத்தில் கொடுக்கும் பணிநீக்க நோட்டீஸ் செல்லாது என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுத வேண்டியதில்லை, நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிரசவத்தை இஎஸ்ஐ மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சென்னையில் கே.கே.நகர், அயனாவரம், கோவையில் சிங்காநல்லூர், மதுரை, சேலம், வேலூர் என்று இருக்கின்றன, அங்கே பார்த்தால் செலவு இல்லை. தாய்வீட்டுக்குப் போய் அங்கே அரசு மருத்துவமனையிலோ தனியாரிலோ பிரசவம் ஆனாலும் 26 வாரப் பணத்துக்குப் பங்கம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கினால் போதும். ஆனால் தனியார் மருத்துவமனை பில் வேறு விஷயம். டிஸ்பென்சரியோ இஎஸ்ஐ மருத்துவமனையோ ரெஃபர் செய்யாமல் நாமாகப் போய்ச் சேர்ந்த பிரசவத்துக்கு அந்த பில்லைத் திரும்பத் தர மாட்டார்கள். அவசர நிலை என்று நிரூபித்தால்கூட அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் வரும்.

எங்கே பிரசவம் பார்த்தாலும் கிராம, நகரச் சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பதிந்தாயிற்றே என்று இதை விட்டுவிட்டுக் கடைசியில் ஓடுபவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிதழ் வந்ததும் குழந்தையை இன்சூரன்ஸ் எண்ணில் குடும்ப உறுப்பினராகச் சேருங்கள். தடுப்பூசிக்குச் சேர்க்காமலும் சமாளிக்கலாம், மஞ்சள் காமாலை என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது அட்டையில் பெயர் இல்லாவிட்டால் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

கணவருக்கு மட்டும் இஎஸ்ஐ, மனைவி வேலைக்குப் போகவில்லை என்றால் மனைவிக்கு மருத்துவ வசதி முழுவதும் உண்டு, 26 வாரச் சம்பளம் கிடையாது. இஎஸ்ஐ மருத்துவ வசதி இல்லாத ஊரில் பிரசவம் நடந்தால் பிரசவச் செலவு என்று ஒரு நிலையான சிறு தொகை இரண்டு பிரசவம்வரை தருவார்கள். அதைக் கணவரின் இன்சூரன்ஸ் எண்ணில், அவருடைய கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.