13-க்கும் 14-க்கும் ஆளுக்கு 75

வண்டி எண்ணைக் கூட்டினால் 8 வரக்கூடாது என்று மெனக்கெடுபவர்கள் நம் ஊரில் நிறைய. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் 0001 முதல் 9999 வரை எத்தனை எண்கள் 8-இல் போய் விழும் என்று எண்ணிப் பார்க்கும் ஆசை வந்தது. சரி, எக்செல்லைத் திறந்தாயிற்று.

முதலில் ஒற்றை இலக்கமாகச் சுருக்காமல் வெறும் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 00 முதல் 99 வரை எளிது. கூட்டுத்தொகை 0 ஒரு தடவை, 1 இரண்டு தடவை என்று ஏறி, 9 பத்துத் தடவை வருகிறது. பிறகு அதே படிகளில் இறங்கி 18-க்கு 99 மட்டும் மிஞ்சுகிறது.

மூன்று இலக்கத்துக்கு ஆயிரம் எண்களையும் எழுதத் தேவையில்லை. கூட்டுத்தொகை 12 வேண்டுமென்றால், புதிதாகச் சேரும் இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். மற்ற இரண்டும் சேர்ந்து மீதியை, அதாவது 12 முதல் 3 வரை ஏதோ ஒன்றைத் தந்தால் போதும். எனவே மேல் வரிசையில் 3 முதல் 12 வரையுள்ள பத்துக் கட்டங்களைக் கூட்டினேன்: 73. அந்தச் சூத்திரத்தையே பக்கவாட்டில் இழுத்துவிட்டால் வரிசை நிரம்பிவிடுகிறது: 1, 3, 6, 10, 15, 21, 28, 36, 45, 55, 63, 69, 73, 75. உச்சியில் 13, 14 இரண்டுக்கும் ஆளுக்கு 75. அப்புறம் இறக்கம்தான்.

55-க்கு அடுத்து 66 வராமல் 63 வருவதைக் கவனித்தீர்களா? 10 என்று ஓர் இலக்கம் கிடையாதே. அது உட்கார்ந்திருக்கக்கூடிய மூன்று இடங்களுக்காக மூன்று குறைகிறது.

நான்கு இலக்கத்தில் உச்சம் 18. அதற்கு 670 எண்கள். இப்போது வண்டி எண்ணுக்கு வருவோம். 8 என்று முடிபவை 8, 17, 26, 35. அவற்றின் எண்ணிக்கை முறையே 165, 660, 282, 4. மொத்தம் 1111. மற்ற எட்டு எண்களுக்கும் இதே 1111தான்! சுருக்கிச் சுருக்கி வரும் ஒற்றை இலக்கம் 9-ஆல் வகுத்த மீதியைத்தான் காட்டுகிறது (மீதி 0 என்றால் 9), அதனால் 9999 எண்களும் ஒன்பது சம பங்காகப் பிரிந்துவிடுகின்றன. அத்தனை மேடுபள்ளமும் ஒரே கூட்டலில் தட்டையாகிவிட்டது. 8-ஐத் தவிர்ப்பவர் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் இழக்கிறார், பெரிய நஷ்டமில்லை.

ஆறு இலக்கம் வரை இழுத்ததற்குக் காரணம் ரஷ்யா. அங்கே பேருந்து, டிராம் டிக்கெட்டின் ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்றின் கூட்டுத்தொகையும் கடைசி மூன்றின் கூட்டுத்தொகையும் சமமாக இருந்தால் அது அதிர்ஷ்ட டிக்கெட். மூன்று இலக்க வரிசையின் ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் அத்தகைய டிக்கெட்டுகள் எத்தனை என்று தெரிந்துவிடும்: 55,252. ஆறு இலக்க வரிசையின் உச்சம் 27. அதன் கட்டத்திலும் 55,252! கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் 9-இலிருந்து கழித்து எழுதுங்கள். சமமாயிருந்த டிக்கெட் கூட்டுத்தொகை 27 உள்ளதாக மாறிவிடும். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது வர்க்க எண்களைத் தனியே பிரித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 13 உண்டு, 49 இருக்கிறதே. 14 எவ்வளவு தூரம் போனாலும் வராது. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 5. வர்க்க எண்ணை 9-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4, 7 தவிர வேறு கிடையாது.