கார் வாங்கப் போய்ப் படித்த சிபில் அறிக்கை

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் 11 ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டி வருகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சீட்டுப் பணமும் வங்கி வைப்புத்தொகையுமாக 8,10,000 ரூபாய் சேர்ந்திருந்தது. முழங்கால் வலியோடு ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க முடியாமல் தவிக்கும் அம்மாவுக்காக, 7,20,000 ரூபாய்க்கு ஒரு சிறிய காரைக் கடனே இல்லாமல் எடுத்துவிடலாம் என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்தேன்.

மனைவிதான் தடுத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் போய், எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய செலவு அவருக்கு மறக்கவில்லை. "தொண்ணூறாயிரத்தக் கையில வச்சுக்கிட்டு இன்னொரு மழைய எப்படிங்க சமாளிக்கிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 3,00,000 ரூபாயை மட்டும் கடனாக வாங்குவது என்று மாற்றிக்கொண்டோம்.

ஷோரூமில் ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கிக்கொண்ட ஊழியர், ஒரே ஒரு நிறுவனம் 12.75 சதவீத வட்டிக்கு ஒப்புக்கொள்கிறது, உங்கள் சிபில் ஸ்கோர் 641தான் என்று மாலையில் சொன்னார். பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்த்துச் சிபில் நிறுவனம் போடும் மதிப்பெண் அது. வாழ்நாளில் யாருக்கும் பாக்கி வைக்காத எனக்கு அந்த எண் அவமானமாக இருந்தது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அன்றிரவே சிபில் அறிக்கையை இறக்கிப் படித்தேன்.

ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள கட்டங்களை. ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாக, தவணை எத்தனை நாள் தாமதமானது என்று எழுதியிருக்கும். 2021இல் அம்மாவின் கண் அறுவைக்காக வங்கியில் வைத்து மீட்ட நகைக்கடனுக்கு வரிசையாக 000. அதற்கு அடுத்து, மணலியில் பழைய வேலையில் இருந்தபோது சம்பளக் கணக்கோடு தந்த கிரெடிட் கார்டு. ஒருமுறையும் தேய்க்காமல், தொலைபேசியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்தக் கார்டுக்கு 030, 060, 090 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த 590 ரூபாய், அபராதமும் வட்டியும் ஏறி 7,340 ஆகியிருந்தது. தெருவே நாணயமானவன் என்று சொல்லும் சீட்டுக் கணக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஷோரூமில் நான் படிக்காமல் கையெழுத்திட்ட படிவத்தை வைத்து, ஒரே நாளில் கடன் தரும் நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போயிருந்தது. அவை என் அறிக்கையைக் கேட்டுப் பார்த்த அந்த நான்கு விசாரணைகளும் பதிவாகியிருந்தன. அடுத்தடுத்து இப்படி விசாரணைகள் விழுவதும் ஸ்கோரைக் குறைக்கும்.

கார்டு பாக்கிக்காக வங்கியை அழைத்தபோது, வசூல் பிரிவில் இருந்தவர், "மூவாயிரம் கட்டிடுங்க சார், செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்" என்றார். நல்ல வேளையாக, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் எச்சரித்தார். குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதியும். அடுத்துக் கடன் தருபவர் அதை முழுதாகக் கட்டாதவர் என்றே படிப்பார். முழுப் பணத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்கினேன். அதன் பிறகும் பதிவு மாறாததால் சிபிலின் இணையதளத்தில் முறையீடு செய்தேன். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி இருக்கிறது. எனக்கு மூன்று வாரத்தில் திருந்தியது. பழைய தாமத எண்கள் உடனே அழிவதில்லை என்பதால், ஸ்கோர் 722 ஆவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. அம்மாவைச் சமாதானப்படுத்திக் காத்திருந்தோம்.

பிறகு சம்பளக் கணக்குள்ள வங்கியிடம் மட்டும் கேட்டேன். 9 சதவீத வட்டி, மூன்று ஆண்டு, மாதத் தவணை 9,540 ரூபாய். 12.75 சதவீதத்தில் அதுவே 10,072 ரூபாயாக இருந்திருக்கும். மூன்று ஆண்டில் 19,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

ஷோரூமில் சொல்லும் ஒரு கணக்கைப் பற்றியும் எழுத வேண்டும். 3 லட்சத்தை 7 சதவீத வைப்பில் விட்டால் 69,000 ரூபாய் கிடைக்கும், கடனுக்கு வட்டியோ 43,000தான், ஆகவே கடன் வாங்குவதே லாபம் என்பார்கள். இது தவறு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த 9,540 ரூபாயையும் மாதாமாதம் அதே வட்டியில் சேமிக்கலாமே! அப்படிப் பார்த்தால் ரொக்கத்தில்தான் ஏறத்தாழ 11,000 ரூபாய் மிச்சம். அதை அறிந்தே கடன் வாங்கினோம். மழைக்காலத்தில் 3,90,000 ரூபாய் கையில் இருப்பதற்கு நாங்கள் கொடுக்கும் விலை அது. மழையை அஞ்ச வேண்டாத வீட்டில், தனியாகச் சேமிப்பும் இருப்பவர்கள் மொத்தமாகக் கட்டிவிடுவதே சரி என்பேன். ஆனால் நோட்டுக் கட்டாக எடுத்துச் செல்லாதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விற்பவரை அனுமதிப்பதில்லை.

காரின் பதிவுச் சான்றான ஆர்சியில் இப்போது வங்கியின் பெயரும் இருக்கிறது. கடைசித் தவணை முடிந்ததும் ஆட்சேபம் இல்லை என்ற வங்கியின் கடிதத்தையும் (என்ஓசி) படிவம் 35ஐயும் கொடுத்து அதை நீக்க வேண்டும். கார்டு பாக்கி தீர்ந்த கடிதத்தை வைத்திருக்கும் அதே கோப்பில் கடன் ஒப்பந்தத்தையும் வைத்திருக்கிறேன்.