பத்தாவது ஆள் சேர்ந்ததும்: சிறு நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவு செய்த அனுபவம்

சிறு பட்டறை, கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்கு இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவைச் செய்துகொடுக்கும்போது கட்டணத்தாலோ இணையதளத்தாலோ வேலை தடைபடுவது குறைவு. ஆள் கணக்கும் ஆதாரில் உள்ள பெயரும்தான் இழுத்தடிக்கும். அதனால் அவற்றை முதலில் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர். எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும், யாரை எண்ண வேண்டும் என்பதில்தான் தகராறு. "நிரந்தர ஆட்கள் எட்டுப் பேர்தான் சார்" என்பார் உரிமையாளர். கூட்டிப் பெருக்கும் அம்மா, இரவுக் காவலர், ஒப்பந்ததாரர் அனுப்பிய இரண்டு ஹெல்பர்கள், அரைநாள் வந்து கணக்கு எழுதுபவர் எல்லோரும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். மாதம் 30,000 வாங்கும் மேலாளருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது என்றாலும், 10 பேர் ஆகிவிட்டதா என்று பார்க்கும்போது அவரும் ஒரு தலை. சம்பளம் வாங்காத பங்குதாரரை எண்ண வேண்டாம். அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான பயிற்சியாளரும் கணக்கில் வரமாட்டார். வெறுமனே "டிரெய்னி" என்று பெயர் கொடுத்து உட்கார வைத்திருப்பவர் வருவார்.

ஒரு முறை வரம்பைத் தொட்டால் போதும், பிறகு ஆட்கள் குறைந்தாலும் பொறுப்பு போகாது. தீபாவளி நேரத்தில் 20 பேரை வைத்துவிட்டு ஜனவரியில் 14 ஆகக் குறைத்தவர்களும் பி.எஃப். கட்டித்தான் ஆக வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. பி.எஃப். கணக்கிடப்படும் ஊதியம் 14,000 ரூபாய் உள்ள ஒருவருக்கு ஊழியர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680. முதலாளி பங்கும் 1,680. காப்பீட்டுக்கு அரை சதவீதம் 70, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் 70. மொத்தம் 3,500. இருபது பேருக்கு மாதம் 70,000. ஓராண்டு கழித்து ஆய்வில் பிடிபட்டால் 8,40,000 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கும் மேல் அபராதம். இதில் ஊழியர் பங்கையாவது இப்போதைய சம்பளத்தில் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட பங்கைப் பிறகு ஊழியரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தராது. இரண்டு பங்கும் முதலாளி தலையில்தான் விழும்.

"எனக்கு பி.எஃப். வேண்டாம், கையில் கொடுங்கள்" என்று ஊழியரே எழுதிக் கொடுத்த கடிதத்தை ஃபைலில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஊதியம் 15,000-க்குள் இருந்தால் அந்தக் கடிதம் செல்லாது, ஊழியருக்கும் அந்த உரிமை இல்லை. சேரும்போதே 15,000-க்கு மேல் ஊதியம், இதற்கு முன் பி.எஃப். கணக்கே இல்லை என்ற இரண்டும் உண்மையானால் மட்டும் விலக்கு உண்டு. முன்பு பி.எஃப். கணக்கு இருந்ததா என்று ஊழியர் எழுதித் தரும் படிவம் 11-ஐச் சேரும் அன்றே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய கணக்கு இருப்பதை ஊழியர் மறைத்துவிட்டால், அந்தப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்துதான் உங்களுக்கு ஆதாரம்.

இனி பதிவு. நிறுவனம் 2020-க்குப் பிறகு பிரைவேட் லிமிடெட்டாகத் தொடங்கப்பட்டது என்றால், கம்பெனி பதிவோடு சேர்த்தே இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டுக்குமான நிறுவனக் குறியீட்டு எண்களும் வந்திருக்கும். ஆடிட்டரின் மின்னஞ்சலில் தேடிப் பார்த்த பிறகே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது எண் வாங்கிவிட்டு முதல் எண்ணை மூடுவது, பதிவு செய்வதைவிடப் பெரிய வேலை. தனி உரிமை, கூட்டு நிறுவனம் என்றால் நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பான் அட்டை, முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, உரிமையாளரின் ஆதார், ஊழியர் பட்டியல், கூட்டு ஒப்பந்தப் பத்திரம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.புக்கு டிஜிட்டல் கையெழுத்தும் தேவை. டிஜிட்டல் கையெழுத்தில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் ஒரு புள்ளி வேறுபட்டாலும் அங்கேயே நின்றுவிடும்.

இ.எஸ்.ஐ. குறியீட்டு எண் 17 இலக்கம், பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். வரம்பைத் தொட்ட 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். புதிதாகச் சேரும் ஊழியரை 10 நாளுக்குள் சேர்க்கலாம் என்று இருந்தாலும், சேரும் அன்றே எண் வாங்கிவிடுங்கள் என்பேன். எந்திரத்தில் கை மாட்டிய மறுநாள் எடுத்த காப்பீட்டு எண்ணை வைத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இப்போது பெயர்ச் சிக்கல். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஆதாரில் "முருகன் எஸ்", பானில் "எஸ் முருகன்", வங்கியில் "முருகன் சுப்பையா". மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பி.எஃப். உறுப்பினர் எண்ணான 12 இலக்க யு.ஏ.என். ஆதாரோடு இணையாவிட்டால் மாதந்தோறும் அனுப்பும் கணக்கில் அவர் பெயரையே ஏற்க மாட்டார்கள். பிறந்த தேதிக்கும் இதே கதை, ஆதாரில் வெறும் ஆண்டு மட்டும் இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். 2025 ஆகஸ்ட்டிலிருந்து புது யு.ஏ.என். எடுப்பது அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான். ஊழியரின் செல்பேசியிலேயே செய்யலாம். ஆனால் ஆதாரோடு இணைந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் இங்கே வந்ததும் சிம் மாற்றிவிடுவார்கள், ஓ.டி.பி. எங்கோ போகும். நேர்காணல் அன்றே ஆதாரை வாங்கிப் பார்த்து, "இந்த நம்பர் இப்போ கையில இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இ.எஸ்.ஐ.யில் ஊதியம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 16,250 ரூபாய்க்கு ஊழியர் பங்கு 121.875 வரும், பிடிக்க வேண்டியது 122. முதலாளி பங்கு 528.125, கட்ட வேண்டியது 529. ஜூனில் சம்பளம் 22,000 ஆனதும் பிடித்தத்தை நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் வரம்பு தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும்.

வேலை நாட்களைக் குறைத்துக் காட்டிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும். மாதம் 10 நாள் என்று போட்டால் 60-தான் வரும். ஊழியர் படுத்துவிட்ட பிறகு இது தெரியவந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பி.எஃப்.பில் அதிகம் தவறுவது ஓய்வூதியப் பங்கைப் பிரிப்பதில். முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகும், உச்சம் 1,250 ரூபாய். ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறை உறுப்பினராகி, அப்போதே 15,000-க்கு மேல் ஊதியம் வாங்கியவருக்கு ஓய்வூதியம் கிடையாது, முழுத்தொகையும் பி.எஃப்.புக்கே போக வேண்டும். 58 வயது முடிந்தவருக்கும் அப்படியே. மென்பொருள் தானாக 1,250 போட்டுக்கொண்டே போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊழியர் வேலை மாறும்போது அவரது கணக்கு மாற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான் தெரியும்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸை ஏற்றும் பழைய வித்தையும் இனி எடுபடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களின்படி, விலக்குக்குரிய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். மொத்தம் 20,000-இல் அடிப்படை 7,000, வீட்டு வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் சேர்த்து 13,000 என்றால், 3,000 திரும்ப வந்து ஊதியம் 10,000 ஆகும். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தருவதும் அதே சட்டங்களில் கட்டாயம். அதில் ஊதியப் பிரிவை இந்தக் கணக்குப்படியே எழுதிவிடுங்கள்.

இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டுக்கும் பணம் கட்டக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. 15-ஆம் தேதி மாலை நெட் பேங்கிங் சுற்றிக்கொண்டே இருக்கும். சம்பளத்தை 7-க்குள் எப்படியும் கொடுத்தாக வேண்டும், அன்றே சலானையும் எடுத்துவிட்டால் 10-க்குள் முடியும். ஊழியரிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் தொழிலில் சுழற்றுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். ரொட்டேஷன் இறுக்கமாக இருக்கும் மாதத்தில் வாடகை பாக்கி வைத்தாலும் இதைத் தொடக்கூடாது.

வேலையை விட்டவருக்கு இரண்டு இடத்திலும் கடைசி நாளைப் பதிய வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நாட்கள் பூஜ்யம் என்று போட்டு, விலகினார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் தேதி கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாதமும் அவர் பெயர் பட்டியலில் வந்து நிற்கும். பி.எஃப்.பில் விலகிய தேதி இல்லாவிட்டால் அவரால் கணக்கை முடித்து முழுப் பணத்தையும் எடுக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து அவரே பதிந்துகொள்ளும் வசதி உண்டு, ஆனால் அதற்குள் புகார் போய்விடும். கணக்கு முடிக்கும் அன்றே, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பதிந்துவிடுவது நல்லது.