செம்பு நிறத்துக்கு ஒரு மூலை

லாங் பஜாரில் ஒரு கடை வாசல் முழுக்க ஜிகினா மாலைகள். எல்லாம் தங்கமும் வெள்ளியும்தான். ஓரத்தில் ஒன்றே ஒன்று செம்பு நிறத்தில். அம்மாவின் கை நேராக அதற்குத்தான் போனது.

"கிறிஸ்துமஸுக்கு யாரும்மா இந்தக் கலர் வாங்குவாங்க?"

"மாட்டிப் பாரு, அப்புறம் சொல்லு."

மாட்டினோம். வெள்ளி நிறம் விளக்கு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கிறது, கண் கூசுகிறது. செம்போ மஞ்சள் பல்பின் ஒளியை வாங்கி, சாயங்கால வெயில் போலச் சுவரில் பரப்புகிறது. குடில் வைக்கும் மூலைக்கு அதுதான் சரி. வெள்ளியை ஜன்னலோரம் மாற்றிவிட்டோம்.

இந்த மாலைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைமேல் ஏற்றிய அலுமினியப் பூச்சுதான். மேலே மஞ்சள் சாயம் ஏறினால் தங்கமாகிவிடும். உள்ளே பிளாஸ்டிக் என்பதால் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அம்மா பரணிலிருந்து பாட்டியின் பித்தளைச் சொம்பை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் குடிலருகே வைத்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. நம் வீட்டு உலோகம் இத்தனை வருஷம் இருட்டில் கிடக்க, பளபளப்பைக் கடையில் தேடியிருக்கிறோம். உங்கள் பரணையும் ஒருமுறை பாருங்கள்.

வாசல் நட்சத்திரம் மட்டும் பாக்கி. நிறம் இன்னும் முடிவாகவில்லை. நான் தங்கம் பக்கம்.