தம்பி தப்புவானா என்று கேட்டபோது டொக்டர் சொன்ன இரண்டு எண்கள்

தம்பிக்கு வந்தது ஏஎம்எல் என்று சொல்லப்படும் கடும் இரத்தப் புற்றுநோய். அப்போது அவனுக்கு வயது 38. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சந்தேகப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஏழு நாள் சைட்டராபின் என்ற புற்று மருந்து, அதில் மூன்று நாள் டோனோரூபிசின் என்ற இன்னொன்றும் சேர்த்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. அடங்கியது என்றால் என்புமச்சையில் புற்று அணுக்கள் 5 வீதத்துக்குக் கீழே இறங்கின என்றுதான் அர்த்தம், போய்விட்டது என்று அல்ல. இனி ஸ்டெம் செல் மாற்று, அதாவது இன்னொருவரின் இரத்தம் உண்டாக்கும் அணுக்களை ஏற்றுவது, செய்தால் நல்லது என்றார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: செய்தால் தப்புவானா? பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகன் ஐம்பதுக்கு ஐம்பது என்றார். கனடாவில் இருக்கும் அண்ணா எங்கோ படித்துவிட்டு எழுபது என்றார். யாருக்கான ஐம்பது, எத்தனை வருடத்துக்கான எழுபது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வன்னியில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு, அந்த எண் எப்படி உண்டாகிறது என்று நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயின் குணம். என்புமச்சையில் எடுத்த மாதிரியில் மரபணுக்களைப் பார்த்தபோது எப்எல்டி3 என்ற மரபணுவில் ஐடிடி என்ற மாற்றம் இருந்தது. ஐரோப்பிய லுக்கீமியா வலையமைப்பின் 2022ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அது, வேறு மோசமான மாற்றங்கள் கூட இல்லாவிட்டால், நடுத்தர ஆபத்து. மருந்தோடு மட்டும் விட்டால் திரும்பி வரும் வாய்ப்புக் கூடுதல், அதனால்தான் மாற்று என்றார்கள். இதில் நாங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை.

அடுத்தது கொடையாளி. எச்எல்ஏ என்பது தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடம்பு இனங்காணும் அடையாளம். கூடப்பிறந்த ஒருவரின் எச்எல்ஏ முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 வீதம். படிவத்தில் "சகோதரர்கள் எத்தனை பேர்" என்று ஒரு கோடு இருந்தது. நாங்கள் ஆறு பேர் பிறந்தோம். 2009இல் மூன்று பேரை இழந்தோம். ஐந்து பேரும் இருந்திருந்தால் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 76 வீதம். அண்ணாவும் நானும் மட்டும் என்றால் 44. இந்தக் கணக்கை நானே ஒரு இரவு போட்டுப் பார்த்தேன். போர் எங்களிடமிருந்து எடுத்தவற்றில் இதுவும் ஒன்று என்று அன்றுதான் தெரிந்தது.

அண்ணா பாதிதான் பொருந்தினார். நான் முழுதாகப் பொருந்தினேன். அம்மா அழுதுகொண்டே கோயிலுக்குப் போனா.

காசு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. வயல் போனது, அண்ணா அனுப்பினார், ஊரும் சேர்த்துத் தந்தது. பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனோம். அங்கே பார்த்த டொக்டரிடம் தம்பியை வெளியே இருத்திவிட்டு, மச்சாளும் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "ஒரே எண்ணா கேட்டீங்கன்னா நான் என்ன சொன்னாலும் உங்களுக்கு உதவாதும்மா. ரெண்டா கேளுங்க. நோய் திரும்புற ஆபத்து எவ்வளவு, சிகிச்சையாலேயே உயிர் போற ஆபத்து எவ்வளவு?"

பிறகு ஒரு பழைய றிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதினார். ஐரோப்பாவில் பாவிக்கும் ஒரு மதிப்பீடு அது, புள்ளி கூடினால் ஆபத்தும் கூடும். 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயது, 1 புள்ளி. முதல் தடவை அடங்கிய நிலை, 0. கண்டுபிடித்து ஆன காலம், 0. பொருந்திய சகோதரக் கொடையாளி, 0. ஐந்தாவது வரியில் நின்றார். பெண் கொடுத்து ஆண் வாங்கினால், 1. மொத்தம் ஏழில் 2.

அந்த ஐந்தாவது வரி நான்தான். என் நோயெதிர்ப்பு அணுக்கள் ஆண் உடலில் மட்டும் இருக்கும் சில புரதங்களை அந்நியம் என்று தாக்கக்கூடும். ஆண்பிள்ளைகளைப் பெற்றவள் என்றால் கர்ப்பத்திலேயே அவற்றை அறிந்திருக்கும். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இதைக் கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் விளங்கப்படுத்தினார்: அதே தாக்குதல் மிச்சமிருக்கும் புற்று அணுக்களையும் தேடிப் போகும், அதனால் இந்தச் சோடியில் நோய் திரும்புவது சற்றுக் குறைவு. பாதி பொருந்திய அண்ணாவை விட நான்தான் சரி என்று முடிவானது.

இரண்டு எண்ணாகப் பார்ப்பது ஏன் அவசியம் என்பது அடுத்த பேச்சில் விளங்கியது. மாற்றுக்கு முன் பழைய என்புமச்சையை அழிக்கும் மருந்தைப் பலமாகவும் கொடுக்கலாம், குறைத்தும் கொடுக்கலாம். அமெரிக்காவில் 272 பேரைக் கொண்டு செய்து 2017இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டை எடுத்துச் சொன்னார். 18 மாதத்தில், குறைத்துக் கொடுத்தவர்களில் சிகிச்சையால் இறந்தவர்கள் 4.4 வீதம்தான், ஆனால் 48 வீதமானவர்களுக்கு நோய் திரும்பியது. பலமாகக் கொடுத்தவர்களில் சிகிச்சையால் இறந்தவர்கள் 15.8 வீதம், நோய் திரும்பியது 13.5 வீதத்துக்கு மட்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறுகிறது. "தப்பும் வாய்ப்பு" என்று ஒரே எண்ணாக வாங்கியிருந்தால், இது எதுவும் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

சரி, தம்பியின் உடம்பு பலமான மருந்தைத் தாங்குமா? அதற்கு இன்னொரு புள்ளிக்கணக்கு. சியாட்டிலில் இருக்கும் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தில் 2005இல் உருவாக்கியது. இருதயம், ஈரல், சிறுநீரகம், சலரோகம், ஆறாத தொற்று, பழைய புற்றுநோய் என்று 17 விஷயங்களைப் பார்க்கிறார்கள். அந்த முதல் ஆய்வில் 0 புள்ளிக்காரரில் இரண்டு ஆண்டுக்குள் சிகிச்சையால் இறந்தவர்கள் 14 வீதம், 1 அல்லது 2 புள்ளி என்றால் 21, 3 அல்லது அதற்கு மேல் என்றால் 41. இன்றைக்கு வைத்தியம் முன்னேறியிருப்பதால் எண்கள் இறங்கியிருக்கும், ஏறுவரிசை மட்டும் மாறவில்லை என்றார் டொக்டர்.

தம்பிக்கு நுரையீரலில் இடித்தது. விலா எலும்புக்குக் கீழே ஒரு ஷெல் துண்டு 2009 முதல் அப்படியே கிடக்கிறது. முன்பு வேறோர் இடத்தில் செய்த மூச்சுப் பரிசோதனைத் தாளில், நுரையீரல் வாயுவை இரத்தத்துக்குக் கடத்தும் அளவு 71 வீதம் என்று இருந்தது. 66க்கும் 80க்கும் இடையில் என்றால் 2 புள்ளி. டொக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டார். மச்சாள் எல்லா றிப்போர்ட்டையும் திகதி வாரியாகக் கோத்து வைத்திருந்தாள், உடனே எடுத்துக் கொடுத்தாள். 10. இரத்தச்சோகை இருந்தால் இந்த அளவு குறைத்துக் காட்டும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். போட்டுப் பார்த்தால் 84. இரண்டு புள்ளி அப்படியே போய்விட்டது. பலமான மருந்தே கொடுக்கலாம் என்றானது அந்தத் தாளால்தான். மச்சாளின் அந்தக் கோப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மாற்றுக்குச் சற்று முன் மறுபடி என்புமச்சை எடுத்து, கண்ணுக்குப் படாத மிச்ச நோயைத் தேடினார்கள். எம்ஆர்டி என்பார்கள். பத்தாயிரத்தில் ஒரு புற்று அணு இருந்தாலும் பிடிக்கும் பரிசோதனை. இல்லை என்று வந்தது. எல்லாப் புள்ளிகளையும் விட இந்த "இல்லை" பெரிது என்று டொக்டர் சொன்னார்.

எனக்கு ஊசி போட்டு ஸ்டெம் செல்லை இரத்தத்துக்கு வரவழைத்தார்கள். எலும்பு முழுக்க உளைவு. பிறகு மெஷினில் பல மணி நேரம் படுத்திருந்தேன். அவ்வளவுதான் என் பங்கு. தம்பி பட்டது வேறு: வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தண்ணீர் கூட விழுங்க முடியாத நாட்கள்.

அப்புறம் கணிப்பு ஒவ்வொரு கட்டத்திலும் மாறிக்கொண்டே இருந்தது. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேலே நின்றபோது முதல் கண்டம் கழிந்தது. என் அணுக்கள்தான் உள்ளே விளைகின்றனவா என்று பார்ப்பது எங்கள் விஷயத்தில் சுலபமாக இருந்தது: தம்பியின் இரத்தத்தில் எக்ஸ்எக்ஸ் அணுக்களை, அதாவது பெண்ணின் குரோமோசோம் உள்ள அணுக்களை, எண்ணினார்கள். எல்லாம் என்னுடையவை. பிறகு, பயந்த மாதிரியே, என் அணுக்கள் அவனுடைய வாயையும் தோலையும் பிடித்தன. வாய் காய்ந்து, உறைப்புக் கறி ஒரு துளி பட்டாலும் எரிகிறது என்பான். மருந்தில் கட்டுப்படுகிறது. லேசாக இருக்கும்வரை, நோய் திரும்பாமல் இருக்கவும் இது துணை என்கிறார்கள்.

ஊருக்கு வந்த பிறகு பெரிய பயம் வைக்கோல் தூசு. அதில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. காலபோக அறுவடை நேரம் வயல் பக்கமே விடவில்லை, மாட்டுக் கொட்டிலை மாமா வீட்டுக்கு மாற்றினோம், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுத்தோம்.

தம்பி இப்போது ஓராண்டைத் தாண்டி நிற்கிறான். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டில். மாற்றுக்குப் பின் இரண்டு ஆண்டு நோயில்லாமல் கடந்த 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது, அதில் பத்தாம் ஆண்டிலும் உயிரோடு இருந்தவர்கள் 85 வீதம். டொக்டரிடம் போனால் இப்போதும் இரண்டு எண்ணாகத்தான் கேட்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இது வந்து, கூடப்பிறந்தவர்கள் வெளிநாட்டில் இருந்தால், முதல் மருந்து ஏறும்போதே அவர்களை அங்கேயே எச்எல்ஏ பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். விசா, லீவு, விமானம் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும், நோய் அதுவரை காத்திருக்காது.