கடற்பாசியும் அம்மாவின் முழங்காலும்

மதுரை சிம்மக்கல்லில் உள்ள எங்கள் வீட்டு மாடிக்கு அம்மா ஏறி ஆறு மாதமாகிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததும், ராமநாதபுரத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் கடற்பாசி மாத்திரைக் குப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வதற்காக, இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

மதுரைக்காரர்களுக்குக் கடற்பாசி என்றதும் ஜிகர்தண்டா நினைவுக்கு வரும். அதில் சேர்ப்பது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர். மூட்டுவலிக்குப் பேசப்படுவதோ, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் கட்டக்கோரை என்று அழைக்கும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில் உள்ள ஃபியூகாய்டன் என்னும் கந்தகம் சேர்ந்த சர்க்கரைச் சங்கிலி.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் தேய்ந்த இடம் எளிதில் ஆறுவதில்லை. இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்கள் அங்குள்ள செல்களைத் தூண்டும்போது, குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தை அறுக்கும் நொதிகளை அந்தச் செல்கள் சுரக்கின்றன. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் ஃபியூகாய்டன் இந்தத் தூண்டலைத் தணிப்பதைக் கண்டிருக்கிறார்கள். எனினும், சிவப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் கராஜீனனை எலியின் பாதத்தில் செலுத்தி வீக்கத்தை வரவழைக்கும் முறையும் 1962 முதல் ஆய்வகங்களில் இருக்கிறது. பாசி என்ற ஒரே பெயரை வைத்து எல்லாவற்றையும் மருந்தென்று நம்ப இயலாது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளே என் முடிவைத் தீர்மானித்தன. 2010இல் ஆஸ்திரேலியாவில் வெறும் 12 பேரிடம், ஒப்பிட மருந்தில்லாத போலி மாத்திரை எடுக்கும் குழு இல்லாமல் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் பாசிச் சாறு எடுத்தவர்களின் மூட்டுத் தொல்லை மதிப்பெண் பாதியளவு குறைந்தது. அங்கேயே 2016இல் 122 பேரைச் சேர்த்து, 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது, பயனில் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லை என்று வாதிடலாம். அந்த வாதமும் அதே கண்டிப்பான முறையில் நிரூபிக்கப்பட வேண்டும்.

பழுப்புப் பாசிகளில் அயோடின் மிகுதி; அளவு மீறினால் அது தைராய்டைப் பாதிக்கலாம். அம்மாவோ தைராய்டு மாத்திரை எடுப்பவர். குப்பியின் மேலட்டையில் அயோடின் அளவு எங்குமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஃபியூகாய்டன் கவலைக்குரியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைப் போன்ற குணம் அதற்கு உண்டு.

குப்பியை உறவினரிடமே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொன்னேன். அம்மா காலையில் நாற்காலியில் அமர்ந்து, மருத்துவர் காட்டியபடி, தொடைத் தசைக்காக ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குகிறார். நான் பக்கத்தில் அமர்ந்து எண்ணுகிறேன்.