ஆர்-ல எரர் வராதப்போ தான் எனக்கு பயம்

புள்ளிவிவரக் கணக்குக்கு பயன்படுற ஆர்-ங்கிற புரோகிராமிங் மொழிய பழக ஆரம்பிச்ச புதுசுல சிவப்பு எழுத்தப் பாத்தாலே கை நடுங்கும். கமா விட்டுப்போனா எரர், ஒரு பிராக்கெட் மூடலைன்னா பிளஸ் குறியப் போட்டுட்டு அப்படியே காத்துக்கிட்டு நிக்கும். இப்போ அதெல்லாம் பெருசா தெரியல, தப்பு இருக்குன்னாவது சொல்லிடுதே. சத்தமே இல்லாம ஒரு பதில் வருது பாருங்க, அங்க தான் நான் மாட்டிக்கிட்டேன்.

ஒரு சர்வே டேட்டா, பதில் சொன்ன எல்லாருமே 20 வயசு தாண்டினவங்க, சராசரி வயசு கேட்டா 16-ன்னு வருது! தேடிப் பாத்தா யாரோ ஒருத்தர் வயசு போட வேண்டிய எடத்துல "தெரியல"ன்னு டைப் பண்ணியிருக்காங்க, அந்த ஒரு செல்லால மொத்த வேரியபிளும் ஃபேக்டரா (ஒவ்வொரு வேற வேற பதிலுக்கும் உள்ளுக்குள்ள ஒரு லெவல் நம்பர் வச்சுக்குற வகை டேட்டா) மாறிடுச்சு, நான் அத நேரா எண்ணா மாத்துற ஆஸ்.நியூமெரிக் போட்டு மாத்தினதுல வயசுக்கு பதிலா லெவல் நம்பர் வந்திருக்கு. முதல்ல டெக்ஸ்டா மாத்துற ஆஸ்.கேரக்டர், அப்புறம் தான் ஆஸ்.நியூமெரிக் போடணும். 2020-ல வந்த 4.0.0 வெர்ஷன்ல இருந்து டெக்ஸ்ட் தானா ஃபேக்டரா மாறுறது இல்ல, நல்ல முடிவு. ஆனா 16-ன்னு வந்ததால தான கண்டுபிடிச்சேன், 34-ன்னு வந்திருந்தா அப்படியே ரிப்போர்ட்ல போயிருக்கும்.

விடுபட்ட டேட்டா இன்னொரு தலைவலி. ஆர் கூடவே வர்ற ஏர்குவாலிட்டி டேட்டாவ எடுத்துக்கோங்க, 1973-ல நியூயார்க்ல மே முதல் செப்டம்பர் வரைக்கும் 153 நாள். ஓசோனுக்கு மட்டும் 37 நாள் அளவே இல்ல. சராசரி கேட்டா என்.ஏ., அதாவது மதிப்பு இல்லன்னு நேர்மையா சொல்லிடும். ஆனா காத்து, வெப்பம் ரெண்டையும் வச்சு ஓசோன் அளவ கணிக்கிற ரிக்ரெஷன் மாடல் ஓட்டினா 116 நாள வச்சு கணக்கு போடும், சூரிய ஒளியையும் சேத்தா 111 தான், ஏன்னா அதுலயும் சில நாள் காலி. எத்தன ரோ விட்டுப்போச்சுன்னு சம்மரியோட அடியில ஒரே ஒரு வரி வரும், நான் ரொம்ப நாள் அதப் படிச்சதே இல்ல, ரெண்டு மாடலோட ஆர் ஸ்கொயர்ட (மாடல் டேட்டாவோட எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற எண்) மட்டும் பக்கத்துல வச்சு எது நல்லதுன்னு பேசிட்டு இருந்தேன். ரெண்டும் வேற வேற நாட்கள்! இப்போல்லாம் முதல்ல தேவையான வேரியபிள் எல்லாத்துலயும் என்.ஏ. இல்லாத ரோ மட்டும் எடுத்து வச்சுட்டு தான் மாடலே.

அப்புறம் ஆர் எழுதி ஓட்டுற ஆர்ஸ்டூடியோ மென்பொருள மூடும்போது ஒர்க்ஸ்பேஸ் (அதுவரைக்கும் உருவாக்கின டேபிள் எல்லாம்) சேவ் பண்ணவான்னு கேக்கும்ல, பண்ணாதீங்க. குளோபல் ஆப்ஷன்ஸ்ல அத ஆஃப் பண்ணிட்டு, அப்பப்போ கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்10 அடிச்சு புதுசா ஸ்டார்ட் பண்ணி ஸ்கிரிப்ட முதல்ல இருந்து ஓட்டிப் பாருங்க. என் ஸ்கிரிப்ட் என் மெஷின்ல மாசக்கணக்கா நல்லா ஓடுச்சு, நண்பருக்கு அனுப்பினா மூணாவது வரியிலயே நின்னுடுச்சு. அதுக்கு தேவையான டேபிள நான் எப்பவோ கன்சோல்ல டைப் பண்ணி உருவாக்கியிருந்தேன், அது சேவ் ஆன ஒர்க்ஸ்பேஸ்ல மட்டும் இருந்திருக்கு, ஸ்கிரிப்ட்ல எங்கயும் எழுதி வைக்கல, அன்னிக்கு எந்தெந்த ரோவ நீக்கினேன்னு திரும்ப கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.